150 போட்டும் டிஎஸ்எச் இறங்கவில்லை: மாத்திரையா, நேரமா?

ஓபி_சிஸ்டர் | மார்ச் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் தைராய்டு, சர்க்கரை ஓபியில் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு அம்மா வருகிறார். வயது 52, எடை 58 கிலோ, ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய்). தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 75 மைக்ரோகிராமில் ஆரம்பித்து 100, 125 என்று ஏறி இப்போது 150. டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் ரத்தத்தில் ஏறும் எண்) இன்னமும் 18-ல் நிற்கிறது. "ஒரு நாள்கூட விடல சிஸ்டர்" என்கிறார். டப்பாவை வாங்கி எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை 175 ஆக்கலாம் என்று பேச்சு. அதற்கு முன் நம் பக்கத்திலிருந்து வேறு என்ன கேட்டுப் பார்க்கலாம்?

பத்தாம்_வார்டு | மார்ச் 3, இரவு 10.05

"ஒழுங்காகப் போடுகிறீர்களா" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அப்படிக் கேட்காதீர்கள் சிஸ்டர். "காலையில் கண் முழித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார், பால் எப்போது காய்ச்சுகிறார், மாத்திரையை எதைக் குடித்து விழுங்குகிறார், அடுத்து வாயில் என்ன போகிறது. வேறு எந்த ஓபிக்குப் போகிறார் என்றும் கேளுங்கள். ஒரே நோயாளிக்கு நாலு ஓபி சீட்டு இருக்கும், ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

சுரப்பி_பிஜி | மார்ச் 3, இரவு 11.20

டாக்டர் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. சுரப்பி முழுதாகவே வேலை செய்யாவிட்டாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம்தான் தேவை. 58 கிலோவுக்கு 93 வருகிறது. 150 போட்டும் 18 என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை, அல்லது போயும் உறிஞ்சப்படவில்லை. இந்த நிலையில் 175 எழுதுவது காரணத்தைத் தேடாமல் எண்ணை மட்டும் ஏற்றுவது.

தைராக்சின் பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் கொடுத்தாலே முழுதும் ஏறாது. கூடவே கால்சியம், இரும்பு, அமிலத்தைக் குறைக்கும் மருந்து, சோயா, காபி என்று எது சேர்ந்தாலும் இன்னும் குறையும். அதெல்லாம் சுத்தமாக இருந்தும் இறங்காவிட்டால்தான் செலியாக் நோய் (கோதுமையால் சிறுகுடல் கெடுவது), வயிற்றின் உள்சுவர் தேய்வு, எச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமி என்று தேடுவோம். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு வயிற்றுச் சுவரும் கெட்டிருப்பது அபூர்வம் இல்லை. கடைசியாக, நம் கண்முன் ஒரே தடவையில் பெரிய டோஸ் கொடுத்து ரத்தத்தில் டி4 (அதாவது தைராக்சின் அளவு) ஏறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் உண்டு. அது மருத்துவமனையில் வைத்துச் செய்வது.

காபி_பைத்தியம் | மார்ச் 4, காலை 6.15

நான் நர்ஸ் இல்லை, நோயாளி. காபி தைராய்டு மாத்திரையைக் கெடுக்குமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே. மாத்திரையைப் போட்டு ரெண்டு நிமிஷத்தில் டம்ளர் கையில் இருக்கும்.

சுரப்பி_பிஜி | மார்ச் 4, காலை 8.50

கெடுக்கும். இத்தாலியில் எஸ்பிரெசோ குடிப்பவர்களை வைத்து 2008-ல் ஆராய்ச்சி வந்தது. மாத்திரையோடு சேர்த்துக் காபி குடித்தால் உறிஞ்சுவது குறைகிறது. நம் ஃபில்டர் காபியில் பாலும் சேர்கிறது, பாலில் கால்சியம். தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள், ஒரு மணி நேரம் என்றால் நல்லது.

ஓபி_சிஸ்டர் | மார்ச் 6, மதியம் 2.30

அந்த அம்மாவை வரச் சொல்லி, அக்கா சொன்னபடியே கேட்டேன். காலை ஐந்தரைக்கு எழுகிறார். பால் பொங்கியதும் காபி கலந்து, அந்தக் காபியிலேயே மாத்திரையை விழுங்குகிறார். தண்ணீரில் விழுங்கினால் குமட்டுகிறதாம். முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டர் கால்சியம் எழுதியிருக்கிறார். நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல். "மூணையும் எப்போ போடுவீங்க" என்று கேட்டால், பைக்குள் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். மூன்று மாத்திரையும் அதில் ஒன்றாக மடித்து வைத்திருக்கிறது. மறந்துவிடக் கூடாது என்று மகள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மடித்துக் கொடுக்கிறாராம்.

பத்தாம்_வார்டு | மார்ச் 6, மாலை 4.10

அந்தப் பெண்ணை யாரும் திட்டிவிடாதீர்கள். அவ்வளவு அக்கறையாக மடித்துக் கொடுக்கிற பிள்ளை கிடைப்பது பெரிய விஷயம். பொட்டலத்தை ரெண்டாக்கச் சொன்னால் போதும்.

இதே கூத்து வார்டில் தினமும் நடக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. கேஸ் ஷீட்டில் "டேப் தைராக்சின் 100, 1-0-0" என்று இருக்கும், காலையில் மட்டும் ஒன்று என்று அர்த்தம். மருந்து ரவுண்டு எட்டு மணிக்கு. அதற்குள் இட்லி வந்துவிடும். சாப்பிட்ட வயிற்றில் தைராக்சின், இரும்பு, கால்சியம் எல்லாவற்றையும் ஒரே மூடியில் கொட்டிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்து இருக்கிறது, மருந்து உடம்பில் ஏறவில்லை. எங்கள் வார்டில் தைராக்சினை நைட் டியூட்டிக்கு மாற்றிவிட்டோம். ஆறு மணி வெப்பநிலை, பல்ஸ் பார்க்கும்போதே கொடுத்துவிடுவார்கள். பல்ஸ் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. வயதானவர், இதய நோய் உள்ளவர் என்றால் சும்மா படுத்திருக்கும்போதே பல்ஸ் நூறைத் தாண்டுகிறதா, நெஞ்சு வலி, படபடப்பு உண்டா என்று பார்த்து, இருந்தால் டாக்டரிடம் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஆரம்பமே 12.5 அல்லது 25 மைக்ரோகிராம்தான்.

கடைசி_கவுன்டர் | மார்ச் 6, இரவு 9.15

மருந்தாளுநர் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு.

முதலாவது காகிதக் கவர். டப்பாவில் வருகிற மாத்திரையைப் பிரித்துக் கவரில் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். தைராக்சினுக்கு ஈரம், வெளிச்சம், சூடு மூன்றும் ஆகாது. கவர் நேராக அடுப்பு மேல் அலமாரிக்குப் போகிறது. மூடி இறுக்கமான டப்பாவோடு கொடுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது யூனிட். "எல்ட்ராக்சின் 100" என்று எழுதி அதோடு விடுகிறார்கள். 100 மைக்ரோகிராம் என்றால் 0.1 மில்லிகிராம். சில சீட்டில் "100 மி.கி." என்று வந்து, கடையில் புதுப் பையன் முழிக்கிறான். நர்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துக் காட்டும்போது யூனிட்டைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

அப்புறம் பிராண்ட். தைரோனார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே மருந்துதான். ஆனால் ஒன்றில் நிலையாக இருப்பது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்துப் பயன் இல்லை. தைராக்சினின் அரை ஆயுளே ஒரு வாரம், எண் நிலைப்பட நாளாகும்.

காபி_பைத்தியம் | மார்ச் 7, காலை 6.40

அரை மணி நேரம் காபி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கோபத்தில் கேட்கிறேன். ராத்திரி போட்டால் என்ன? அப்புறம் ஒரு நாள் மறந்துவிட்டால்?

சுரப்பி_பிஜி | மார்ச் 7, காலை 9.30

ராத்திரி போடலாம். 2010-ல் நெதர்லாந்தில் ஒரே ஆட்களுக்குக் காலையில் கொஞ்ச காலம், படுக்கும்போது கொஞ்ச காலம் என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கும்போது போட்டதில் டிஎஸ்எச் இன்னும் நன்றாக இறங்கியது. பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ரெண்டு நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நிபந்தனை, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தபோது வெறும் வயிறு பார்த்துப் போடுங்கள். ஒரு நாள் தவறியதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

பத்தாம்_வார்டு | மார்ச் 7, காலை 11.00

டாக்டர் சொல்வது படிப்பில் சரி. நம் வீடுகளில் ராத்திரிச் சாப்பாடே சீரியல் முடிந்து ஒன்பதரைக்கு. மூன்று மணி நேரம் கழித்து என்றால் நள்ளிரவு அலாரம் வைக்க வேண்டும். ஷிப்டில் ஓடுகிற நர்ஸ்களுக்கோ பாதுகாப்பு வேலைக்காரர்களுக்கோ ராத்திரி சரிப்படலாம். மற்றவர்களுக்குக் காலைதான். இன்னொன்று, தைராய்டு முழுதும் எடுத்தவர்களுக்குக் கால்சியம் ஒரு நாளைக்கு மூன்று வேளை இருக்கும், கடைசி வேளை ராத்திரிச் சாப்பாட்டோடு. அவர்களுக்கு ராத்திரி தைராக்சின் என்றால் ரெண்டும் மோதும்.

சுரப்பி_பிஜி | மார்ச் 7, மதியம் 1.15

கால்சியம் விஷயத்தில் அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் மாட்டேன். ஏழரைக்குச் சாப்பிட்டுவிடும் வயதானவர்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், நாமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நர்சிங்_தேர்டுஇயர் | மார்ச் 8, மாலை 7.30

அக்கா, தைராய்டு ஆபரேஷன் கேஸை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். புத்தகத்தில் பத்துப் பக்கம் இருக்கிறது. முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

பத்தாம்_வார்டு | மார்ச் 8, இரவு 9.00

கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார் தம்பி. முன்னால் கட்டு வெள்ளையாக இருக்கும், ரத்தம் பக்கவாட்டில் வழிந்து பிடரிக்குக் கீழே தலையணையில் தேங்கியிருக்கும். கட்டை மட்டும் பார்த்துவிட்டு "டிரஸ்ஸிங் டிரை" என்று எழுதிவிடாதே. தலைமாட்டை அரைவாசி உயர்த்திப் படுக்க வை. திரும்பும்போது கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்.

உள்ளே ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயை அழுத்தும், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். கழுத்து இறுகுகிற மாதிரி இருக்கிறது என்பார், எழுந்து உட்கார்ந்துகொள்வார், மூச்சில் ஒரு சீறல் கேட்கும். ஆக்சிஜன் குறையும் வரை காத்திருக்காதே, குறைந்தால் ஏற்கனவே தாமதம். தையல் பிரிக்கும் செட், சக்‌ஷன், ட்ராக்கியாஸ்டமி செட் (மூச்சுக்குழாயில் துளை போட) கட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஸ்டோர் ரூம் பீரோவில் பூட்டி வைத்தால் இல்லாததற்குச் சமம்.

அப்புறம் பேச வை. "உங்க பேரு என்ன" என்று கேட்டாலே குரல் கரகரப்பது தெரியும்.

கால்சியம் குறைவது ஒன்றிரண்டு நாளில் வரும். வாயைச் சுற்றி, விரல் நுனியில் குறுகுறுப்பு. பிபி பார்க்கும்போது கை மடங்கி விறைத்துக்கொண்டால் உடனே டாக்டரைக் கூப்பிடு. கால்சியம் குளுக்கோனேட் எழுதினால் மெதுவாக, மானிட்டர் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஊசி மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் புண்ணாகிவிடும்.

நர்சிங்_தேர்டுஇயர் | மார்ச் 8, இரவு 9.25

நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். நியோமெர்காசோலும் வெறும் வயிற்றில்தானா?

ஐசியூ_நைட் | மார்ச் 9, அதிகாலை 3.10

இல்லை. நியோமெர்காசோல் என்பது கார்பிமசோல், அதிகமாகச் சுரக்கும் தைராய்டை அடக்கும் மாத்திரை. அதற்குச் சாப்பாட்டுத் தடை கிடையாது, நேரம் மாறாமல் போட்டால் போதும். அதில் சொல்லிக் கொடுக்க வேண்டியது வேறு. காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண்.

ஒரு பெண், கிரேவ்ஸ் நோய் (தைராய்டு மிகையாகச் சுரப்பது), மாத்திரை ஆரம்பித்து ரெண்டாவது மாதம். தொண்டை வலி என்று பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டு, கார்பிமசோலையும் விடாமல் போட்டிருக்கிறார். எங்களிடம் வரும்போது 104 டிகிரி, வாய் முழுக்கப் புண், கிருமியோடு போராடும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் ஏறக்குறைய இல்லவே இல்லை. இது ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருகிற விஷயம், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அபூர்வம்தான், ஆனால் சொல்லிக் கொடுத்திருந்தால் முதல் நாளே மாத்திரையை நிறுத்தி ரத்தம் பார்த்திருக்கலாம். அவர் பிழைத்துவிட்டார். மருந்துச் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நான் சீட்டின் பின்பக்கம் சிவப்புப் பேனாவில் எழுதிக் கொடுப்பேன்: "காய்ச்சல் அல்லது தொண்டை வலி வந்தால் இந்த மாத்திரையை நிறுத்தவும். அன்றே வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்கவும்." கண் மஞ்சள், சிறுநீர் அடர் நிறம், உடம்பெல்லாம் அரிப்பு என்றாலும் வரச் சொல்ல வேண்டும், அது கல்லீரல். இதே வேலைக்கான இன்னொரு மருந்தான பிடியுவில் (புரோப்பில்தையோயூராசில்) கல்லீரல் பயம் இன்னும் அதிகம். அதனால்தான் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதமும் தைராய்டு ஸ்டார்மும் (ஹார்மோன் திடீரென எகிறி உயிருக்கே ஆபத்தாகும் நிலை) தவிர மற்றபடி பெரும்பாலும் அதை எழுதுவதில்லை.

சுரப்பி_பிஜி | மார்ச் 9, காலை 8.00

சேர்த்துக்கொள்கிறேன். முதல் மூன்று மாதத்தில் கார்பிமசோல் குழந்தைக்குப் பிறவிக் குறை தரலாம். அதனால் இந்த மாத்திரை போடும் பெண்களிடம் "நாள் தள்ளினால் அடுத்த ஓபி வரை காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள்" என்று முதல் நாளே சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகவில்லை என்பதால் சொல்லாமல் விடுவது நம்மூர் வழக்கம். சொல்லிவிடுங்கள்.

நர்சிங்_தேர்டுஇயர் | மார்ச் 9, மாலை 6.00

ஸ்டார்ம் கேஸில் முதலில் எந்த மருந்து என்று வைவாவில் கேட்டார்கள். அயோடின் என்றேன், மேடம் முறைத்தார்கள்.

ஐசியூ_நைட் | மார்ச் 10, அதிகாலை 2.45

முறைக்கத்தான் செய்வார்கள். முதலில் பிடியு, டியூப் வழியாக. குறைந்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் லூகால்ஸ் அயோடின். முதலிலேயே அயோடின் கொடுத்தால் சுரப்பிக்கு மூலப்பொருளைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கூடவே புரோப்ரானலால், ஹைட்ரோகார்ட்டிசோன். ஆஸ்துமா உண்டா என்று புரோப்ரானலாலுக்கு முன்னால் கேட்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். ஆஸ்பிரின் கூடாது, ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் ஹார்மோனைப் பிரித்து விட்டுவிடும்.

மிக்ஸிடீமா கோமா (தைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்து நினைவு தப்பும் நிலை) நேர் எதிர். உடம்பு ஜில்லிட்டிருக்கும். போர்வை போர்த்தினால் போதும், சுடுதண்ணீர்ப் பை வைக்கக் கூடாது. தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து பிபி விழுந்துவிடும். தைராக்சினுக்கு முன் ஹைட்ரோகார்ட்டிசோன். நம் ஊரில் தைராக்சின் ஊசி எளிதில் கிடைப்பதில்லை, ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியாக மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுக்கிறோம். டியூப் ஃபீடை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நிறுத்த மறக்காதே.

மட்டுறுத்துநர் | மார்ச் 10, காலை 10.00

தனிச்செய்தியில் ரிப்போர்ட் படம் அனுப்பி டோஸ் கேட்பவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். இங்கே பொதுவான பேச்சு மட்டும். டோஸ் உங்கள் டாக்டரிடம். தைராய்டு உள்ளவர் முட்டைக்கோஸ் சாப்பிடலாமா என்ற கேள்வி ஏழாவது முறையாக வருகிறது: வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம்.

யாழ்_தாதி | மார்ச் 11, இரவு 8.20

வணக்கம், இலங்கையிலிருந்து. எங்கட கிளினிக்கில் ஒருவருக்கு டிஎஸ்எச் திடீரென்று அடியில் போய், டி4 மேலே போய், கிரேவ்ஸ் மாதிரியே ரிப்போர்ட். ஆளைப் பார்த்தால் நடுக்கம் இல்லை, பல்ஸ் 72, எடை குறையவில்லை. கேட்டால் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் குளிசை எடுக்கிறா. நிறுத்திவிட்டுப் பார்க்க எல்லாம் சரி.

சுரப்பி_பிஜி | மார்ச் 11, இரவு 10.10

அருமையான கேஸ். பல பரிசோதனை இயந்திரங்கள் பயோட்டினை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். தைராய்டுக்காரர்களுக்கு முடி கொட்டும், அதனால் இந்த மாத்திரை வாங்குகிறவர்களும் அவர்கள்தான். ரத்தம் எடுக்குமுன் குறைந்தது ரெண்டு நாள் நிறுத்தச் சொல்லுங்கள். அன்று காலை தைராக்சினையும் ரத்தம் கொடுத்த பிறகு போட்டால் டி4 எண் குழப்பாது.

ஓபி_சிஸ்டர் | மே 8, மாலை 5.30

ரெண்டு மாதம் கழித்து வருகிறேன். எங்கள் டாக்டரிடம் பொட்டலக் கதையைச் சொன்னேன். நேரத்தை மாற்றும் அன்றே டோஸையும் 100 ஆக்கிவிட்டார். ஐந்தரைக்கு வெந்நீரில் மாத்திரை, குளித்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு வந்தபின் காபி, கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. குமட்டல் இளம் வெந்நீரில் இல்லையாம். இந்த வாரம் டிஎஸ்எச் 2.6.

ஐசியூ_நைட் | மே 9, அதிகாலை 4.00

டோஸைக் குறைத்ததுதான் புத்திசாலித்தனம். நேரத்தை மட்டும் திருத்திவிட்டு 150-ஐ அப்படியே விட்டிருந்தால் அளவுக்கு மீறி ஏறியிருக்கும். வேறொரு இடத்தில் அப்படி விட்டு, அறுபது வயதுக்காரர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயத் துடிப்பு தாறுமாறாவது) எங்களிடம் வந்தார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவராக இருந்தால், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரும் ஏறும்.

கிராமசெவிலியர் | மே 9, காலை 7.45

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். விஎச்என் (கிராம சுகாதாரச் செவிலியர்) ஆக வேலை. கர்ப்பிணிகளுக்கு நாமே இரும்பு, கால்சியம் ரெண்டும் கொடுக்கிறோம். தைராக்சினும் போடுகிறவர்களுக்கு எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, என் ஏரியாவில் ஒரு பச்சைக் குழந்தைக்கு தைராய்டு குறைவைக் குதிகால் ரத்தத்தில் கண்டுபிடித்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பாட்டி அதைப் பாலாடை நிறைய பாலில் கரைத்துக் கொடுக்கிறார். குழந்தை பாதியில் தூங்கிவிடுகிறது.

பத்தாம்_வார்டு | மே 9, காலை 9.20

தைராக்சின் ஐந்தரை. கால்சியம் காலை பத்து மணி, இரவுச் சாப்பாட்டோடு மறுபடி. இரும்பு நடுவில், மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. தைராக்சினுக்கும் மற்றதுக்கும் நாலு மணி நேரம், இரும்புக்கும் கால்சியத்துக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வருகிறது பாருங்கள். ஏற்கனவே தைராக்சின் போடுகிறவர் கர்ப்பமானால் தேவை கூடும், வழக்கமாக வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது ஆக்குவார்கள். உறுதியான அன்றே டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள்.

குழந்தைக்குப் பாலாடை வேண்டாம். மாத்திரையை ஸ்பூனில் பொடித்து, தாய்ப்பால் சில சொட்டு விட்டுக் குழைத்து, கன்னத்தின் உள்பக்கம் விட்டுவிடச் சொல்லுங்கள். மேலே சில சொட்டுப் பால் விட்டு ஸ்பூனைக் கழுவி அதையும் கொடுத்துவிடலாம். மிச்சம் இருக்காது. முதல் நாளே கரைத்து வைக்கக் கூடாது, அவ்வப்போது பொடிக்க வேண்டும். கொடுத்த உடனே கக்கிவிட்டால் மறுபடி கொடுக்கலாமா என்று குழந்தை டாக்டரிடம் இப்போதே கேட்டு அட்டையில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கிராமசெவிலியர் | மே 9, மதியம் 12.10

சரி அக்கா. நாளைக்கு அந்தத் தெருவில்தான் வேலை. பாட்டியையே கொடுக்க வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். குழந்தையின் எடை கூடக் கூட டோஸ் மாறும், நாலு மாதத்துக்கு முன்னால் வாங்கிய சீட்டையே காட்டி மாத்திரை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.